கோணக்கொம்பின் பால்

கன்று பாதி வெளியே வந்திருந்தது. இந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குள்ளிருந்து, "காபி ஆறிப்போகுது" என்று குரல் வரும். மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை இது. நீங்கள் மாட்டு டாக்டர், உங்களுக்குச் சொல்லவா வேண்டும் சார். நம் தொழிலில் காபியைச் சூடாகக் குடித்தவன் யார் இருக்கிறான்.

"காபி கிடக்கட்டும், நீ இங்க வா," என்று கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தேன்.

கோணக்கொம்புக்கு அது ஈனுகிற மாதம் இல்லை. ஏழாவதுதான் நடந்துகொண்டிருந்தது. காலையில் தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கி நின்றது. மத்தியானம் வாலைத் தூக்கிக்கொண்டு முக்க ஆரம்பித்துவிட்டது. நான் தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னக் கால்களைப் பிடித்து, அது முக்குகிறபோதெல்லாம் இழுத்தேன். கை இழுத்துக்கொண்டிருந்தாலும் வாய் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "அவ்வளவுதாம்மா, ஆச்சு, இதோ ஆச்சு" என்று. குரல் நடுங்கினால் மாட்டுக்குத் தெரிந்துவிடும். என் குரல் நடுங்கவில்லை.

கன்று சரேலென்று வந்து வைக்கோலில் விழுந்தது. மூச்சு இல்லை. கூடவே நஞ்சுக்கொடியில் ஒரு துண்டும் வந்தது. ஈரத்துணி மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டியது, பழைய செருப்புத் தோல் மாதிரித் தடித்து, மஞ்சள் படிந்து கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மனைவி புடவையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம் முடிகிற சமயம்.

"அய்யோ பாவமே. என்னங்க இது, செத்தா பொறந்துச்சு?"

"பேச்சு அப்புறம். அதை அந்தப் பக்கம் தூக்கிப் போடு. மாடு மிதிச்சிரும்."

"உறை ஒண்ணு குடுங்களேன்."

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

அவள் வெறுங்கையால் தூக்கினாள். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி, தலைக்குக் கீழே ஒரு கை கொடுத்துத் தூக்கினாள். நஞ்சுக்கொடியையும் அவளே வாரி எடுத்தாள். புல் அறுத்தபோது பட்ட வெட்டு அவள் ஆள்காட்டி விரலில் ஆறாமல் இருந்தது. உறைப் பெட்டி என் தலைக்கு நேர் மேலே பலகையில் இருந்தது. பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

நீங்கள் இப்போது கேட்ட கேள்வி வேறு என்று எனக்குத் தெரியும். 'இந்த வீட்டில் காய்ச்சாத பால் குடித்தது யார்?' என்று கேட்டீர்கள். மாட்டின் கழுத்தில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள். முகத்தைப் பார்க்காமல் கேட்கிறவர்கள் பதிலைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். பரவாயில்லை. அந்தக் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். அவசரமில்லாமல் சொல்கிறேன். அவசரப்பட்டுச் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. அது எனக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது. பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, எதை எடுத்தாலும் அளந்து பார்க்கிறவர், நாங்கள் 'பால்மானி' என்று கூப்பிடுவோம். ஒருநாள் வரிசையில் இருபது பேர் நிற்கும்போது சொன்னார்.

"ஏன்யா, உன் கொட்டகையில மட்டும் ஒரு மாடு சும்மா நிக்கிறதில்ல. வருஷாவருஷம் கன்னு. வீட்டுக்குள்ள மட்டும் என்னய்யா வறட்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். கேனை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று வழியில் மூன்று முறை இறங்கிப் பார்த்தேன். அது நன்றாகத்தான் பொருந்தியிருந்தது.

பிறகு உங்கள் பயிற்சி வந்தது. உங்களுக்கு என்னை நினைவிருக்காது, சார். மூன்று வாரம் உங்கள் மையத்திலேயே தங்கி, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். கன்று வீச்சு நோயைப் பற்றி நீங்கள் ஒரு முழுக் காலைப் பொழுது பேசினீர்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி, மாட்டின் கருப்பையில் போய் உட்கார்ந்துகொள்ளும், சினையைக் கடைசி மாதங்களில் கீழே தள்ளிவிடும், மாடு வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் நிற்கும், ஆனால் பாலில் கிருமி இறங்கிக்கொண்டே இருக்கும் என்றீர்கள். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்றீர்கள். பிறகு பலகையைத் தட்டி, "வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கொட்டகைப் பக்கமே விடாதீர்கள்" என்றீர்கள். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கவில்லை.

பயிற்சி முடிந்து நான் வீடு திரும்பி எட்டு வாரம் இருக்கும். இவளுக்குக் காலையில் தலைசுற்றல், வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என்னை வெளியே நிறுத்திவிட்டு, அவளை உள்ளே ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். அரைமணி கழித்து வந்தாள். அழுகையும் சிரிப்புமாக முகம் கோணிப் போயிருந்தது.

"என்னங்க, பத்து வாரமாம்."

நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். பைக்கில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். நான் போடாமலே அது தானாக ஓடியது. தொழில் அப்படி. சினை ஊசி போட்ட நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தின நாள்வரை மாடு வெறும் மாடு. வேறு விதமாக எண்ண எனக்குத் தெரியாது. பத்து வாரத்தைப் பின்னால் தள்ளினேன். நான் உங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாட்களில் போய் நின்றது.

மறுபடி எண்ணினேன். மறுபடி அங்கேயே போய் நின்றது.

பின்னால் உட்கார்ந்து அவள் என் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவாப் போங்க, இனிமே நாம மூணு பேரு" என்றாள். நான் மெதுவாகத்தான் போனேன்.

நான் அவளைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். மாட்டுக்கு நோய் என்றால் மாட்டையா கேட்கிறோம்? அறிகுறி பார்க்கிறோம். நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க ஆரம்பித்தவனுக்கு எதுவும் தப்பாது.

நான் இல்லாத மூன்று வாரத்தில் எங்கள் செவலை மாடு பருவத்துக்கு வந்து கத்தியிருக்கிறது. ஊசிக்காரரை இவள்தான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். சினை ஊசி போடுகிறவர், எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். வாய் ஓயாத மனிதர். மழையில் வந்தவர் மழைக்கோட்டை எங்கள் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருந்தார். "நல்லா வெயில் அடிச்சதும் மறந்துட்டுப் போயிட்டாருங்க" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். கேட்காததற்குப் பதில் வந்தால் என்ன அர்த்தம்?

இன்னொரு நாள் அவர் வந்தபோது அவளே உள்ளிருந்து காபி கொண்டு வந்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை போடலண்ணா."

அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம். அவளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார், அதனால் என்னை 'மாப்ளே' என்பார். முறை வைத்துக் கூப்பிட்டால் சந்தேகம் வராது என்று ஒருவனுக்குத் தோன்றாதா? எனக்குத் தோன்றியது, அவருக்கும் தோன்றியிருக்கும்.

அவள் உண்டான செய்தியைக் கேட்டதும் அவர் செய்த ஆர்ப்பாட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொட்டகை நடுவில் நின்று தொடையில் அடித்துச் சிரித்தார்.

"பாத்தியா மாப்ளே. என் கை பட்ட கொட்டகை. ஒண்ணும் வெறுமனே போகாது."

"உங்க வாய் இருக்கே அண்ணா," என்று அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அட, ராசியச் சொன்னேன் தங்கச்சி. மாப்ள முறைக்கிறாரு பாரு."

நான் முறைக்கவில்லை. சிரித்தேன். அன்று நான் சிரித்ததைப் பார்த்திருந்தால், எவ்வளவு நல்ல மனிதர் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் திட்டம் போட்டவன் அல்ல. கோணக்கொம்பை வாங்கி வந்தபோது அதற்கு நோய் இருந்தது எனக்குத் தெரியாது. வேறொரு பண்ணையில் கழித்துக்கட்டிய மாடு. கொம்பு கோணல் என்பதால் கழித்தார்கள் என்று நினைத்தேன். கன்று தானாக விழுந்தது. நோய் தானாக வந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததை நான் துரத்தவில்லை, அவ்வளவுதான். உங்கள் அறிக்கையில் இதை இப்படியே எழுதினால் நன்றாக இருக்கும்.

கன்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். மிச்ச நஞ்சுக்கொடி விழுந்ததும் அதையும் புதைத்தேன். தரையைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினேன், நீங்கள் சொல்லிக் கொடுத்த முறைப்படி. மற்ற மாடுகளிடமிருந்து கோணக்கொம்பைப் பிரித்து, அதோ அந்தச் சுவருக்கு அப்பால் தனியாகக் கட்டினேன். அதனால்தான் நீங்கள் எடுத்த ரத்தத்தில் மற்ற மாடுகள் சுத்தமாக இருக்கும் பாருங்கள். பாடத்தைச் சரியாகக் கேட்ட மாணவன் நான்.

அடுத்த முறை ஊசிக்காரர் வந்தபோது கோணக்கொம்பு தனியாக நிற்பதைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"என்ன மாப்ளே, வீசிருச்சா?"

"ஆமா."

"எத்தனாவது மாசம்?"

"ஏழு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா விடாத. டாக்டருக்கு ஒரு போன் அடி. ரத்தம் எடுத்துப் பாக்கட்டும். எனக்கு இது பிடிக்கல. தங்கச்சிய மட்டும் இந்தப் பக்கமே விடாத, சொல்லிட்டேன். பால காய்ச்சாம வாயில வைக்கக் கூடாது."

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"பாத்துக்கறேன்னு வாயால சொல்லாத. போன் போடு. இல்லன்னா நான் போடட்டா?"

"என் மாட்டுக்கு நான் போட மாட்டேனா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். என் மனைவி வயிற்றில் இருப்பதைப் பற்றி இவருக்கு ஏன் இத்தனை பதைப்பு? அதுவரை எனக்கு ஓரத்தில் ஒரு ஊசிமுனைச் சந்தேகம் இருந்தது, நான் தப்பாக எண்ணியிருப்பேனோ என்று. அது அன்றைக்குத் தீர்ந்தது. அவர் அத்தனை அக்கறையாகப் பேசாமல் இருந்திருந்தால் நான் பாலைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன். இந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

மறுநாள் காலை மற்ற மாடுகளையெல்லாம் கறந்த பிறகு கோணக்கொம்பைக் கறந்தேன். தனிச் செம்பில். அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கா?"

"வேற யாருக்கு?"

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு டம்ளர் கொண்டாரத் தோணுச்சாக்கும்." டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "காய்ச்ச வேணாமா?"

"கறந்த சூடே போதும். காய்ச்சினா சத்து போயிரும்."

"உங்களுக்கு?"

"எனக்குக் காபி போதும்."

அவள் ஒரே மூச்சில் குடித்தாள். மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது.

பிறகு தினமும் கொடுத்தேன். அவள் வழக்கமாகவே அந்த நேரத்துக்கு வாசலில் வந்து காத்திருக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டம்மாவிடம் அவள் சொன்னதைக் கேட்டேன்: "அவரு முன்ன மாதிரி இல்லக்கா. அப்பாவாகப் போறோம்னதும் ஆளே மாறிட்டாரு." உண்மைதான். அந்த நாட்களில் நான் அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை.

கோணக்கொம்பின் பாலில் ஒரு சொட்டைக்கூட சொசைட்டி கேனில் நான் ஊற்றவில்லை. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். பால்மானியே கேட்டார்: "என்னய்யா, அளவு இறங்கிருக்கு. மாடு பாலக் குறைச்சிருச்சா, இல்ல நீ தண்ணியக் குறைச்சிட்டியா?" அவர் கேலியைப் பொறுத்துக்கொண்டேன். அவள் குடித்தது போக மீதியைக் குழி வெட்டி ஊற்றிச் சுண்ணாம்பு போட்டேன். எத்தனை வீட்டில் எத்தனை குழந்தைகள் அந்தப் பாலைக் குடிக்கும். நான் ஊருக்குக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை.

அவளுக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள நீங்கள்தான் சரியான ஆள். கொட்டகையில் தப்பான ஊசி விழுந்துவிட்டால் என்ன செய்கிறோம்? சினையைக் கலைத்துவிட்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கிறோம். மாட்டை யாராவது அடிக்கிறோமா, விரட்டுகிறோமா? ஒரு ஈற்று போனால் அடுத்த ஈற்று. வேறொருவனாக இருந்தால் அரிவாளைத் தூக்கியிருப்பான், ஊரைக் கூட்டியிருப்பான். நான் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் பெயரைக் கெடுக்கவில்லை. அவள் இந்த வீட்டிலேயே, என் மனைவியாகவே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வயிற்றிலிருந்ததை மட்டும்தான் நான் விலக்க நினைத்தேன்.

காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், காலையில் இறங்கும். தலையணை நனைகிற அளவுக்கு வேர்க்கும். முதுகும் மூட்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது என்றாள். நான் கால் பிடித்துவிட்டேன். காய்ச்சல் இறங்கிய காலைகளில் எழுந்து உட்கார்ந்து, பாலைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அவள் நடக்க முடியாமல் போனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இதையும் கவனியுங்கள், நான்தான் சேர்த்தேன். லேடி டாக்டர் நல்லவர், பொறுமைசாலி. வழக்கமான காய்ச்சல்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சேர்த்து ஒரு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வலி கண்டது. சாயங்காலத்துக்குள் குழந்தை போய்விட்டது.

ஆண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் பார்த்தேன்.

ஊசிக்காரர் தகவல் தெரிந்து ஓடி வந்தார். வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். "என்னால ஆச்சு மாப்ளே, நானே அந்தப் போனைப் போட்டிருக்கணும்" என்றார். அந்தக் கண்ணீரைப் பார்த்து, என் கணக்கு சரி என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்க முடியவில்லை.

அவர்தான் பிறகு லேடி டாக்டரிடம் போய்க் கன்று வீசிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மறுபடி ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அவளுக்குச் சரியான மாத்திரை ஆரம்பித்தார்கள், இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த முடிவுதான் உங்கள் கைக்கும் வந்து, நீங்கள் இன்று என் கொட்டகைக்கு வந்திருக்கிறீர்கள்.

காலையில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். "கோணக்கொம்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அதுவும் கன்னப் பறிகொடுத்ததுதானே" என்றாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

என் கணக்கு சரி என்று என்னால் ஏன் நினைக்க முடியவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள். சொல்கிறேன்.

அங்கே ஒரு நர்ஸ். சின்னப் பெண், துடுக்குப் பேச்சு. கட்டிலில் தொங்கிய அட்டையில் எத்தனை வாரம் என்று எழுதியிருந்தது. நான் வீடு திரும்பிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல், "தப்பா எழுதியிருக்கீங்க, ரெண்டு வாரம் கூட இருக்கு" என்றேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆகா. நீங்க எந்த நாள்ல இருந்து எண்ணுறீங்கண்ணா?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"நாங்க கடைசியா பீரியட்ஸ் வந்த நாள்ல இருந்து எண்ணுவோம். குழந்தை தங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் கணக்குல ஏறிரும். எல்லாப் பொண்ணுங்களுக்கும் அப்படித்தான். ரெண்டு வாரம் கழிச்சுப் பாருங்க, உங்க கணக்கு வந்துரும்." பிறகு சிரித்தாள். "மாடு வச்சிருக்கீங்கதானே? உங்க மாட்டுக்குன்னா ஊசி போட்ட தேதி ஊருக்கே தெரியும். எங்களுக்கு யாருண்ணா தேதி குறிச்சு வைக்கிறா?"

நான் கழித்துப் பார்த்தேன். பயிற்சி முடிந்து நான் வீட்டுக்கு வந்த நாட்களில் போய் நின்றது. அவள் அன்றைக்கு வாசலுக்கு ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். இப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணில் இருப்பது எனக்குத் தெரிகிறது. பாவம், எல்லாம் முடிந்த பிறகு உண்மை தெரிந்திருக்கிறது, இனி ஆயுசு முழுக்க அதைச் சுமப்பானே என்று நினைக்கிறீர்கள். எனக்காக யாரும் இரங்குவது எனக்குப் பிடிக்காது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்த நர்ஸ் அதைச் சொன்னது, அவளைச் சேர்த்த அன்றைக்கு.

சொல்வதற்குச் சற்று முன்னால்தான் வயிற்றின்மேல் ஒரு கருவியை வைத்து எங்களுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கக் கொடுத்தாள். தூரத்தில் குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. நான் விரலை மடித்துக் கழித்துக்கொண்டிருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. அப்போது லேடி டாக்டர் உள்ளே வந்தார்.

"வீட்ல மாடு இருக்காமே. சமீபத்துல ஏதாவது கன்னு வீசிச்சா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்குக் கொடுக்கிற மாத்திரையை அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். குழந்தை தப்பியிருக்கலாம், நீங்களே உங்கள் வகுப்பில் சொன்னீர்கள், சீக்கிரம் தெரிந்தால் மருந்து உண்டு என்று. ஆனால் ஆமாம் என்றால், பால் குடித்தது யார் என்று கேட்பார். அதற்கடுத்து, கொடுத்தது யார் என்று கேட்பார். அவள் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசிவிட்டாள்.

"ஒண்ணு வீசிச்சு டாக்டர். ஆனா அது நோய் இல்ல, மாடு ஈரத்துல வழுக்கி விழுந்துருச்சு. இவருதான் பாத்தாரு. மாட்டப் பத்தி இவருக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது."

அவளிடம் அப்படிச் சொல்லிவைத்திருந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

டாக்டரிடம் பொய் சொன்னது அவள்தான், சார். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.